சுப்பராயலு குடித்திருக்கவில்லை என்பது குறித்து

நடந்ததை நடந்தபடியே, எனக்குச் சாதகமில்லாததையும் விடாமல், இதில் உண்மையாக எழுதிவைக்கிறேன். என் பெயர் லோகநாயகி, வயது 16, தகப்பனார் பெயர் சுப்பராயலு. பழவேற்காட்டை அடுத்த கரைமேட்டுக்குப்பத்தில் மேற்படி தகப்பனார், தாயார் இருசம்மாள் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படித்து வருகிறேன். இன்று வியாழக்கிழமை மாலை 4.15 மணிக்கு எங்கள் பள்ளி ஆய்வகத்தில், நேற்று படகில் நடந்த அடி பற்றி விசாரிக்க வந்த தலைமைக் காவலர் ஆரோக்கியமேரி அவர்கள் கேட்க, என் கையெழுத்து தெளிவாக இருப்பதாக அவர் சொன்னதால், நானே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இடங்களை முறைவைத்துப் பிரித்துக் கொடுப்பார்கள், அதற்குப் பாடு என்று பெயர். பாடு பெறுகிறவர்கள் பட்டியலில் ஆண்கள் பெயர் மட்டும் இருக்கும். ஒருவர் உடம்புக்கு முடியாமல் விலகினால் அவர் மகன் பெயர் ஏறும். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. முறை நாளில் முதல் வலை இறங்கும்வரை படகில் யாரும் சாப்பிடுவதில்லை, அது பொன்னியம்மனுக்காக. வழக்கமாக ஐந்தரை மணிக்கெல்லாம் வலை இறங்கிவிடும் என்பதால் அது யாருக்கும் கஷ்டமாக இருந்ததில்லை.

நைனா என்று நான் கூப்பிடும் என் தகப்பனாருக்கு இரண்டு வருடமாகத் தினமும் இன்சுலின் ஊசி போட்டு வருகிறோம். இது ஊரில் யாருக்கும் தெரியாது. மருந்தை ஈரமணல் பானையில் வைத்து, பானையைப் பழைய வலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறோம். ஊசி போடுவது நான்.

நேற்று புதன்கிழமை அதிகாலை 4.45 மணிக்கு நான் வழக்கமான அளவு மருந்தை ஏற்றி ஊசி போட்டேன். அப்போதே வாடைக்காற்று பலமாக இருந்தது, கூரையில் செருகியிருந்த பிளாஸ்டிக் தாள் அடித்துக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். இந்தக் காற்றில் வலை இறங்கத் தாமதமாகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. வேதியியல் தேர்வு இருந்ததால் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் நைனா இட்லி டப்பாவுடன் ஐந்து மணிக்குக் கிளம்பினார்.

இந்த இடத்தில் கணையத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தலைமைக் காவலர், "இது கேசுக்கு வேணுமா பாப்பா?" என்று கேட்டார். "இதான் மேடம் கேசே" என்றேன். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் சில திட்டுகள் நாளமில்லாச் சுரப்பிகளாக வேலை செய்கின்றன, அதாவது குழாய் இல்லாமல் நேராக இரத்தத்தில் ஹார்மோனை விடுகின்றன. சாப்பிட்டதும் அவை இன்சுலினை விட, இரத்தத்தில் உள்ள சர்க்கரை செல்களுக்குள் போகிறது. சர்க்கரை குறைந்தால் இன்சுலினை நிறுத்திவிட்டு, குளுக்ககான் என்ற இன்னொன்றை விடுகின்றன. அது கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை வெளியே எடுக்கும். ஊசியில் போன இன்சுலினை நிறுத்த உடம்பில் ஆள் இல்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

சர்க்கரை மேலும் குறைந்தால் சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை விடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வியர்க்கும், கோபமோ பயமோ வரும். எதிரில் திருடன் நிற்கிறானா, வயிறு காலியா என்று அந்தச் சுரப்பிக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கும் கீழே போனால் மூளைக்குச் சர்க்கரை எட்டாமல் பேச்சு குழறும். இதை எழுதும்போது என் அட்ரீனலும் வேலை செய்கிறது, எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம்.

படகில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கூடப் போன கோதண்டம் சித்தப்பா சொன்னதை எழுதுகிறேன். காற்றினால் எட்டு மணிவரை வலை இறங்கவில்லை. நைனாவுக்குச் சட்டை நனைய வியர்த்திருக்கிறது. அதன்பின் படகை அடுத்த ஊருக்கு ஒதுக்கிய பாட்டுக்குள் விட்டிருக்கிறார். சித்தப்பா, "அண்ணே, எங்க போற, நம்ம எல்ல தாண்டுது" என்று சொல்ல, நைனா படகு தள்ளும் கழியால் அவர் மணிக்கட்டில் அடித்துவிட்டார். எலும்பு முறிந்துவிட்டது.

அதன்பின் 8.20 மணிக்குப் படகு டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் கரை வந்தபோது, பேருந்துக்காக நின்றிருந்த நான் ஓடிப்போனேன். நைனாவைப் பிடித்து மணலில் படுக்கவைத்திருந்தார்கள். "வூட்ல வாயே தொறக்காத ஆளு, காலங்காத்தால ஊத்திகினு தண்ணில வீரம் காட்டியிருக்கான்" என்று ஒருவர் சொன்னார். "மோரக் குடு, எறங்கும்" என்றார் இன்னொருவர். நான் டீக்கடை சூசையம்மாளிடம் சர்க்கரை கேட்டேன். "இன்னாத்துக்கு மே, இப்ப?" என்றார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போதை தெளியறதுக்கு" என்று நான் சொன்னேன். நான் சொன்னது பொய்.

நைனாவால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் என் பெயரைச் சொன்னார். அதன்பின் கோதண்டம் சித்தப்பாவின் கையைப் பார்த்து, "இவனுக்கு இன்னாச்சு?" என்று கேட்டார். இட்லி டப்பா திறக்காமலே இருந்தது.

பொன்னேரி மருத்துவமனையில் சேர்த்தபோதும் இரத்தத்தில் சர்க்கரை 58 என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள், மது வாடை இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். நேற்று மதியம் கட்டிலில் இருந்தபடி நைனா என்னிடம், "குடிச்சேன்னே சொல்லிடு கண்ணு. குடிக்கு ஒரு பாட்டு முறை தள்ளி வெப்பாங்க, அவ்ளோதான். சீக்குன்னு தெரிஞ்சா பேரையே எடுத்துடுவாங்க" என்றார். காவலர்களிடம் அவர் அப்படியே சொல்லியிருப்பதாகத் தலைமைக் காவலர் மூலம் இன்று அறிந்தேன். என் தகப்பனார் சொன்னது உண்மையல்ல. அவர் குடித்திருக்கவில்லை.

ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று தலைமைக் காவலர் கேட்டார். குடித்தார் என்று ஆகிவிட்டால் அடுத்த முறையும் அவர் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், அவர் நோயைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருடன் படகு ஏறுவார் என்று சொன்னேன்.

அதன்பின் 5.30 மணிக்கு என் தாயார் வந்தார். நான் மைனர் என்பதால் அவர் முன்னிலையில் இது முழுவதும் வாசிக்கப்பட்டது. அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "இத்தக் குடுத்தா பாட்டுப் பேரு போயிடும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். "உங்க நைனா உன்கிட்ட பேச மாட்டாரு." அதுவும் தெரியும் என்றேன். அம்மா பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. தலைமைக் காவலரிடம், "சித்திரையில ஒரு நாளு தல சுத்தி தண்ணில வுழுந்து, கழியப் புடிச்சிகினு கெடந்திருக்காரு. எனுக்கு மட்டும் சொன்னாரு. பொண்ணுக்குத் தெரியாது. அத்தயும் எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டேன். அதன்பின் கையெழுத்துப் போட்டார்.

இதில் உள்ளவை நானும் என் தாயாரும் அறிந்தவரை உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியவை அல்ல. வாசிக்கக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொள்கிறேன்.

(ஒப்பம்) சு. லோகநாயகி
(ஒப்பம்) இருசம்மாள், தாயார்

மாலை 6.05. பள்ளியைப் பூட்டும் நேரமானதால் ஆய்வகத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன.