மழை வருது

பெயர், விலாசம் மேலே குறித்தபடி. வயது நாற்பத்து மூன்று. மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸாகப் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். ஊழியர்கள் நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கையைச் சுத்தம் செய்கிறார்களா என்று ஓரமாக நின்று பார்த்துத் தாளில் குறிப்பது என் வேலை. முதுகுக்குப் பின்னால் என்னை 'சோப்பு அக்கா' என்பார்கள். எனக்கும் தெரியும்.

அறுவைச் சிகிச்சை வார்டில் என் கூடப்பிறந்த தங்கை நர்ஸாக இருக்கிறாள். என் தாளில் அந்த வார்டுக்கு இரண்டு வருடமாக நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. போன மாதம் அங்கே மூன்று பேருக்குத் தையலில் சீழ் பிடித்தது. மூன்றாமவர் பஸ் ஓட்டுநர். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குக் கட்டு மாற்றியவள் என் தங்கை என்பதால் பழி அவள் தலையில் விழுந்தது.

அதன் பிறகு நான் யாரிடமும் சொல்லாமல் அந்த வார்டில் நான்கு கட்டில்களின் சானிடைசர் பாட்டில்களில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். நான்கு நாள் கழித்தும் மருந்து அநேகமாகக் கோட்டிலேயே நின்றது. அதே நான்கு நாளுக்கு என் தாளில் தொண்ணூற்றெட்டு.

அதன் பிறகு வார்டைப் பெருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடி 'மழை வருது'ன்னு ஒரு குரல் வரும்மா. உடனே எல்லாரும் கையைத் தேய்ப்பாங்க" என்றார். எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

இரண்டு வருடம் முன்பு தங்கைக்குக் குறைவாகக் குறித்தேன். வீட்டுக்கு வந்து, "ஏன்க்கா, நீயே என்னை மாட்டி விடுவியா?" என்று அழுதாள். அடுத்த வாரத்திலிருந்து, நான் அந்த வார்டுக்குக் கிளம்புமுன் அவள் போனுக்கு 'மழை வருது' என்று செய்தி அனுப்பி வந்தேன். அவள் அதை வார்டுக்கே சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் மேலாளரிடம் சொன்னேன். அவர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சியோட இது முடிஞ்சிடும். நீங்க ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிறீங்க?" என்றார். அதனால்தான் இன்று நானாக விசாரணை அதிகாரியிடம் வந்தேன். போனையும் நான்கு பாட்டில்களையும் ஒப்படைத்துவிட்டேன்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். நான் சொன்னதற்குக் கூடுதலோ குறைவோ இல்லை. கையெழுத்துப் போடுமுன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். ஓட்டுநருக்குக் கட்டு மாற்றிய அன்று எனக்கு லீவு. அன்றைக்கு நான் செய்தி அனுப்பவில்லை.

(ஒப்பம்)