நாற்பத்தொன்றாம் வரிசையின் பதினேழு நாள்

இதுவரை வாய்மூடி இருந்தது போதும்.

பெயர்: கடைசியில் எழுதுகிறேன். வயது: ஐம்பத்து மூன்று. வேலை: தொற்றுநோய்ப் பிரிவில் புள்ளியியலாளர். இருப்பிடம்: மூன்றாம் மாடி, ஒற்றை அறை, தனி ஆள்.

தொற்று பட்டவர்களைத் தனிமைப்படுத்தும் காலம் பன்னிரண்டு நாள் என்று எப்படி முடிவானது என்பதை விசாரணைக் குழுவினராகிய நீங்கள் விசாரிக்கிறீர்கள். கிருமி தொற்றிய நாளுக்கும் காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் உள்ள இடைவெளியை இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளிடம் கேட்டுக் கணக்கிட்டவன் நான். பெரும்பாலோருக்கு ஆறேழு நாள். நால்வருக்கு மட்டும் பதினான்கைத் தாண்டியது. அவர்களையும் சேர்த்து வளைகோடு வரைந்து, பதினெட்டு நாள் வைத்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் இயக்குநர் என்னை அழைத்தார். வளைகோடு வரைய அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பதவி அவருக்குப் போனது. பொறாமை என்பார்கள். பொறாமையும் உண்டு, பதிவு செய்துகொள்ளுங்கள்.

"நாலு பேருக்காக ஊரையே பூட்டி வைக்கச் சொல்றீங்களா சார்? தேதியைத் தப்பா சொல்லியிருப்பாங்க, தூக்கிடுங்க" என்றார். பிறகு நோயாளிகள் பட்டியலின் நாற்பத்தொன்றாம் வரிசையில் விரலை வைத்து, "இந்தம்மாவைப் பாருங்க, பதினேழு நாள்! நடுவுல ஒரு ஈ காக்கா கூடவா வீட்டுக்கு வந்திருக்காது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதன்பின் என் இருக்கைக்குத் திரும்பி நால்வரையும் நீக்கினேன். பன்னிரண்டு வந்தது.

நாற்பத்தொன்று என் அக்கா. அன்று அவள் இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. நோயைக் கொடுத்தவன் நான். நாலாம் தேதி அவள் வீட்டில் அரை மணி நேரம் இருந்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். வீட்டுக்கு வந்தவர் யார் என்று சமையலறை நாட்காட்டியின் கட்டங்களில் எழுதுவது அவள் வழக்கம். நாலாம் தேதிக் கட்டத்தில் 'தம்பி'. அதன்பின் பதினாறு கட்டங்களில் வெறும் கோடு. இருபத்தொன்றில் 'காய்ச்சல்'. இடையில் தினமும் போன் செய்தாள். மூன்று முறை எடுத்தேன். "வேலையா இருக்கியாடா?" என்பாள். "ஆமாக்கா" என்று வைத்துவிடுவேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அவள் சொன்ன தேதியைத்தான் சந்தேகிக்கவே முடியாது. அப்படி யாரும் வராத வீடு அது.

இன்றும் பதின்மூன்றாம் நாள் காலையில் எல்லோரையும் வெளியே விடுகிறோம்.

நாட்காட்டித் தாளை இணைத்துள்ளேன். மேலே எழுதியதில் ஒரு தேதியும் பொய்யில்லை. பெயர் போட்டால் விசாரணை என்னைப் பற்றியதாகிவிடும்; பதவி கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் என்று நாற்பத்தொன்றை மறுபடியும் தூக்கிவிடுவார்கள். இயக்குநருக்கு நான் யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும். நாலாம் தேதிக் கட்டத்தில் நான் இருக்கிறேன், அக்காவின் கையெழுத்தில். என் கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.