அலபாமாவுக்குப் போன அம்மா

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு முதல் பத்திதான் வராது, மேடம். அதைத் தாண்டிவிட்டால் மற்றதை எப்படியோ ஒப்பேற்றிவிடுவார்கள். தாண்ட முடியாதவர்களால்தான் நைரோபியின் ரொய்சம்புவில் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு ஓடுகிறது. கிரேக்க நாடகம் பற்றிய கட்டுரையோ, செனட்டில் நடந்த பதவிநீக்க விசாரணை பற்றியதோ, அங்கே ஒரு மாணவன் தூங்கி எழுவதற்குள் இங்கே ஒருவன் எழுதி அனுப்பிவிடுவான். நைரோபியில் இது ரகசியமில்லை. உங்கள் தம்பியே கூட இதைச் செய்துகொண்டிருக்கலாம்.

இணையத்தில் கட்டுரை எழுதித்தரும் ஒரு தளத்தில் கணக்கு என் பெயரில் இருந்தது. பராசா என்றால் அந்தத் தளத்தில் நல்ல மதிப்பு. ஆர்டர் பிடிப்பது நான், எழுதுவது முட்டிசோ. கல்லூரியிலிருந்தே என் அறைத்தோழன். மச்சாகோஸ் பக்கத்துப் பையன், ஒல்லி, சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. படிப்பு முடிந்து வேலையில்லாமல் ஊருக்குப் போகக் கிளம்பியவனை நான்தான் என்னோடு வைத்துக்கொண்டேன். அதை நீங்கள் வாக்குமூலத்தில் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவனிடம் ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் உண்மையிலேயே படிப்பான்.

"டேய், அந்தப் பொண்ணு கேட்டது அஞ்சு பக்கம். அதுக்கு எதுக்குடா முழு நாடகத்தையும் படிச்சுட்டு உக்காந்திருக்க?" என்பேன்.

"படிக்காம எழுதினா அந்தப் பொண்ண ஏமாத்தின மாதிரி ஆயிடும்டா."

"அந்தப் பொண்ணே அவ வாத்தியாரத்தான் ஏமாத்துறா."

"அது அவ பாடு."

இப்படித்தான் இருப்பான். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் முதன்முதலாக வாக்களித்ததையும், பிறகு அந்த உரிமை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதையும் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தான். "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இப்ப என்னத்துக்கு உகாலிக் களியை ஆற வைக்கிற?" என்று கேட்டேன்.

அந்த வருஷம்தான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. அரசியல் வரலாறு. முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு கட்டுரை எழுதினான். எனக்கு வாசித்துக் காட்டினான். அந்தக் கறுப்பர்கள் வாக்குச்சாவடிக்கு நடந்த நடையும், அவன் அம்மா மச்சாகோஸில் வெயிலில் வரிசையில் நின்றதும் ஒன்றோடொன்று கலந்து வரும். சோளமும் பயறும் வேகவைத்த கித்தேரி கட்டிய தகர டப்பா, காய்ந்த சோளக்கொல்லை, ஓட்டுப்போட்ட விரலின் மையை அம்மா கழுவ மறுத்தது. நன்றாக இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

ஆனால் அங்கே பனி கொட்டும், மேடம். அவன் நெஞ்சுக்கு அது ஆகாது. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. என் கணக்கை நம்பியிருந்த மாணவர்கள் பலர். ஒருவன் போய்விட்டால் அத்தனை பேர் நடுத்தெருவில் நிற்பார்கள். அதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் ஒரு பையன் அதே மாதிரி ஒரு கட்டுரை கேட்டிருந்தான். முட்டிசோ விண்ணப்பம் அனுப்புவதற்குள் நான் அவன் கட்டுரையை அந்தப் பையனுக்கு விற்றுவிட்டேன். மச்சாகோஸை அலபாமா ஆக்கினேன். சோளக்கொல்லை பருத்திக்காடு ஆனது, கித்தேரி வேகவைத்த கடலை ஆனது. விரல் மைக்குப் பதிலாக அங்கே ஓட்டுப்போட்டதற்கு அடையாளமாகச் சட்டையில் ஒரு வில்லை ஒட்டிக்கொள்வார்கள், அதைப் போட்டேன். அம்மாவை மட்டும் மாற்றவில்லை. அவர் நன்றாக அமைந்திருந்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. முன்பே பதிவான கட்டுரைகளோடு கணினியில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அலபாமாவைச் சேர்ந்த இன்னொரு மாணவருடையது, உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்கிறோம். முட்டிசோ முதலில் சிரித்தான். "என் அம்மா அலபாமாவுல இருக்காங்களாம்டா," என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஏதும் சொல்வதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் கத்தவில்லை.

"நாளைக்கு அந்த யுனிவர்சிட்டிகளுக்கு எழுதப் போறேன், பராசா. யார் யாருக்கு எழுதிக் குடுத்தோமோ, எல்லாத்தையும். என் பேரையும் சேர்த்துத்தான்."

"அந்தப் பசங்க வாழ்க்கை என்னாகும்னு யோசிச்சியா?"

"என் அம்மாவ வித்தப்போ நீ யோசிச்சியா?"

அதைச் சொல்லும்போதே அவனுக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை. கீழ்வீட்டு நெக்கேசா அக்கா மந்தாசிப் பணியாரம் சுட்டு விற்கிறவர். அவருடைய கரியடுப்புப் புகை மேலே வரும். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அவன் மேசையைக் காட்டினான். இன்ஹேலர் அங்கேதான் இருந்தது. எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவனோடு அமைதியாகப் பேச வேண்டியிருந்தது. மருந்து கைக்கு வந்துவிட்டால் எழுந்து போய்விடுவான், பேச முடியாது. "முதல்ல நான் சொல்றதக் கேளு, அப்புறம் தர்றேன்," என்றேன். அவன் கேட்டான். எழுத மாட்டேன் என்று தலையாட்டவும் செய்தான். நான் நம்பவில்லை. மூச்சு முட்டுகிறவன் எதற்கும் தலையாட்டுவான்.

நெக்கேசா அக்கா கதவைத் தட்டினார். "ஏன்டா, அந்தப் பையன் ஏன் இப்படி இழுக்கிறான்? நான் வரட்டுமா?"

"மருந்து எடுத்துட்டான்கா. இப்ப தூங்கிடுவான்."

அவர் இறங்கிப் போகும் சத்தம் முட்டிசோவுக்கும் கேட்டது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. தணிந்துவிட்டது என்று நினைத்தேன் என முதல்முறை உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவனோடு அத்தனை வருஷம் இருந்தவனுக்குத் தெரியாதா? மருந்து என் பையில்தான் இருந்தது. நான் அவனைச் சாகவிட்டேன். நீங்கள் கேட்டது இதுதானே.

ஒரு மாணவனுக்கு எழுதிக்கொண்டிருந்த பதவிநீக்கக் கட்டுரையைப் பாதியில் விட்டிருந்தான். மாலைக்குள் அனுப்ப வேண்டும். ஒற்றை வாக்கில் ஒரு குடியரசுத் தலைவர் பதவி தப்பிய இடம் வரைக்கும் எழுதியிருந்தான். மீதியை நானே எழுதி அனுப்பினேன். அதன் பிறகுதான் கீழே போய் நெக்கேசா அக்காவைக் கூப்பிட்டேன். கடைசிப் பக்கம் மட்டும் சோடை என்று பேராசிரியர் குறித்திருந்தாராம். அவசரத்தில் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

அடக்கத்துக்கு மச்சாகோஸ் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் கூடவே இருந்தவன் நீதான். நீதான்ப்பா நாலு வார்த்தை பேசணும்," என்றார். சோளக்கொல்லை ஓரமாக உட்கார்ந்து எழுதினேன். வரிசையில் நின்ற ஒரு தாயைப் பற்றி, அவர் விரல் மையைப் பற்றி. அவரைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே எழுதியதால் தானாகவே வந்தது. வாசித்து முடித்தபோது ஊரே அழுதது.

"என் மகனே எழுதின மாதிரி இருக்குப்பா," என்றார் அந்த அம்மா.

அது முழுக்க முழுக்க நானே எழுதியது, மேடம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.