இரண்டு வார்த்தை போதும்

என் முட்டி இரண்டும் உலோகம். அதனால் இந்த நாற்காலியில் நெடுநேரம் உட்கார முடியாது. நடுவில் எழுந்து நின்றால் தவறாக நினைக்காதீர்கள். இந்த விசாரணையில் நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

என் பெயர் வெர்லன் ஸ்டக்கி. ஒன்பது ஆண்டுகள் தொழில்முறை வீரனாக அமெரிக்கக் கால்பந்து ஆடினேன். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறவனைத் தரையில் சாய்ப்பது என் வேலை. நன்றாகவே சாய்த்தேன். இரண்டு பேர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அவர்களில் ஒருவன் இன்றும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறான். கையெழுத்து மட்டும் அவன் மனைவியுடையது. நானும் அடி வாங்காதவன் இல்லை. டென்வரில் ஒருமுறை பெஞ்சுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி களத்துக்குள் ஓடினேன். அந்த ஆட்டத்தின் மீதி எனக்கு நினைவில்லை. பிறகு டிவியில் பார்த்தேன், பிரமாதமாக ஆடியிருந்தேன்.

முட்டி போனதும் ஓஹையோவில் ஹார்லோ ஃபால்ஸ் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்தேன். உருக்காலை மூடிய பிறகு அந்த ஊரில் திறந்திருந்தவை தேவாலயமும் எங்கள் மைதானமும்தான். எதில் கூட்டம் அதிகம் என்று பாதிரியாரையே கேளுங்கள், சொல்வார்.

பிறகு அந்தப் பரீட்சை வந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் அணியின் மருத்துவர் கிரெட்சன் லிண்ட்க்விஸ்ட் எல்லா வீரர்களிடமும் ஐந்து வார்த்தைகள் சொல்வார். சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால் வேறு ஐந்து வார்த்தைகள். ஜூலையில் சொன்னதைவிடக் குறைவாகச் சொன்னால் அவன் வெளியே உட்கார வேண்டும். நல்ல ஏற்பாடு என்று கூட்டத்தில் முதலில் கை தட்டியவன் நான்தான்.

நான் எந்தத் தாளையும் திருத்தவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் என் வீட்டுத் தோட்டத்தில் பையன்களுக்கு இறைச்சி சுட்டுப் போட்டேன். அவ்வளவுதான்.

"நாளைக்கு அஞ்சு வார்த்தை சொல்வாங்க. மூணு திருப்பிச் சொன்னா போதும். அக்டோபர்ல தலை சுத்தினாலும் மூணு வரும்ல?"

"பிராண்டுக்கு எப்பவுமே மூணுதான் கோச். அவன் நேர்மையாவே சொல்லலாம்," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பிராண்டும் சிரித்தான்.

டவாரஸ் ப்ரூயிட் மட்டும் சிரிக்கவில்லை. அலபாமாக்காரன், எங்கள் அணியிலேயே வேகமான கால்கள் அவனுடையவை. "பொய் சொல்ல மாட்டேன்னு எங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் கோச்," என்றான்.

"இது பொய் இல்லடா. மறதி."

மறுநாள் அவன் ஐந்தையும் சொன்னான். செப்டம்பரில் அடிபட்டபோது மூன்றுதான் வந்தது. கிரெட்சன் அவனை மூன்று ஆட்டங்களுக்கு உட்கார வைத்தார். மூன்றிலும் தோற்றோம்.

நான் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர்தான் பேசியது. முடிதிருத்தும் கடையிலிருந்து பெட்ரோல் பங்க் வரை அவனுக்குப் பேராசிரியர் என்று பெயர். "என்ன பேராசிரியரே, இந்த வாரமும் லீவா?" என்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவன் மேஜையில் யாரும் உட்காரவில்லை. வீரர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் நான் தலையிடுவதில்லை.

அடுத்த ஜூலையில் அவனாகவே வந்தான். தோட்டத்தில் தட்டோடு நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "கோச், மூணு போதும்ல?"

எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. "நீ ரெண்டே சொல்லு. பாதுகாப்பா இருக்கும்," என்றேன்.

அந்த அக்டோபரில் ஒரு ஆட்டத்தின் முதல் பாதியில் அவன் தலை எதிராளியின் முட்டியில் மோதியது. பெஞ்சில் உட்கார வைத்துக் கிரெட்சன் பரீட்சை வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"வெர்லன், இவன் ரெண்டு வார்த்தைதான் சொல்றான். கண்ணும் சரியில்ல. வெளியவே இருக்கட்டும்."

"ஜூலைல எவ்ளோ?"

"ரெண்டு."

"அப்புறம் என்ன டாக்டர்? பையன் எதையும் தொலைக்கலையே."

அவர் தாளைப் பார்த்தார். தாளில் தவறில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்ல பெண்மணி. கொஞ்சம் துணிச்சல் போதாது.

இரண்டாவது முறை பட்டது பெரிய அடிகூட இல்லை. எழுந்து நாலடி நடந்தான், பிறகு மண்டியிட்டான். ஜெபம் செய்கிறான் என்று நினைத்து மைதானமே கை தட்டியது. திங்கட்கிழமை மருத்துவமனையில் இறந்தான். அந்த ஆட்டத்தை நாங்கள் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அடக்கத்தின்போது அவன் தாயார் ஆர்டெல்லாவிடம், எல்லோரும் கையெழுத்திட்ட, அந்த ஆட்டத்தின் பந்தைக் கொடுத்தேன். அவர் கை நீட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். பையன்கள் அவனுடைய எண்ணைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு மீதி ஆறு ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அவன் உயிரோடு இருந்திருந்தால் அத்தனை ஆவேசம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அன்று அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என் புள்ள கடைசியா என்னய்யா சொன்னான்?"

"'என்னை உள்ள அனுப்புங்க கோச்'னு சொன்னான்ம்மா," என்றேன். பத்திரிகைகளில் அப்படியே வந்தது. உடை மாற்றும் அறைச் சுவரிலும் அதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அவன் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு களத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, மெதுவாகத்தான் கேட்டான். "கோச், நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?"

நான் அவனுக்கு ஹெல்மெட்டை மாட்டினேன். தாடை வாரை இறுக்கினேன். தோளைப் பிடித்து எங்கள் ஆட்கள் பக்கமாகத் திருப்பி, முதுகில் தட்டி அனுப்பினேன். என் பையன்களில் ஒருவனைக்கூட நான் வழி தெரியாமல் நிற்க விட்டதில்லை.