கடலுக்குப் போற அன்னிக்கு மட்டும் கொர்ரு

…இந்தா, கேட்டீங்களா? கேட்டீங்களா சாரு? கொர்ர்ர்… டக்கு. கொர்ர்ர்… டக்கு. இந்த ரேடியோ கத்தறதத்தான் உங்க கடக்காரனாண்ட தொண்டத்தண்ணி வத்தற வரிக்கும் சொன்னேன்! அவன் இன்னான்றான் தெரியுமா? "ஏம்மா, கடைல வச்சா பாடுது, உன் வூட்ல வச்சா கத்துதுன்னா வூட்டத்தான் ரிப்பேரு பண்ணணும்"ன்றான். அடப்பாவி! விக்கறச்சே அக்கா அக்கான்னு பல்ல இளிச்சவன்! நானு வுடுவனா? கட வாசல்லயே குந்திக்கினேன். ஒருத்தன் உள்ள போவல. அப்பறந்தான் கம்பெனிலேர்ந்து உங்கள அனுப்பிக்கீறான். குந்துங்க சாரு. அந்த ஸ்டூலு ஆடும், ஆனா வுயாது. எங்க வூட்டுக்காரரே அதுல நின்னுகினுதான் பல்பு மாட்டுவாரு.

டீ சாப்டுங்க. சக்கர ஜாஸ்தியா? அது அப்டித்தான், சிலுவையம்மா கை டீன்னா இந்த சந்துல எல்லாருக்கும் தெரியும். ஆமா, நீங்க கம்பெனில இன்னா வேல? சத்தம் புடிக்கற வேலயா! மோட்டாரு, டியூப்லைட்டு, ஃபேனு எல்லாத்தியும் ஒரே ரூமுல வச்சு ஓட்டி வுட்டுட்டு, நடுவுல ரேடியோவ வச்சு அது கத்துதா பாடுதான்னு பாப்பீங்களா? இதுக்குச் சம்பளமும் குடுக்கறானா! நைனா, அதுக்குத் தனியா ஒரு ரூமு எதுக்கு? நம்ம ராயபுரத்துக்கு வந்துட வேண்டியதுதான? இங்க எது இல்ல? அந்தாண்ட ஆர்பருல கிரேனு, இந்தாண்ட ஐஸ் மில்லு, முனைல வெல்டிங்கு கட, எதுத்தாப்புல ஆலிஸ் வூட்டு டியூப்லைட்டு. அந்த டியூப்லைட்டு கீதே, கல்யாணப் பொண்ணு மாதிரி, எரியவா வேணாமான்னு ஒரு மணி நேரம் யோசிக்கும். நானு மொதல்ல அவ மேலதான் சந்தேகப்பட்டேன். போயி கேட்டேன். டப்புனு அணைச்சுக் காட்டிட்டா. ஊஹூம், கொர்ரு அப்டியே கீது. அப்பறம் வெல்டிங்கு கடைக்குப் போயி ஒரு நாளு சண்ட. அப்பறம் ஐஸ் மில்லு. எல்லாம் போயி கடைசில எங்க வந்து நின்னுது தெரியுமா? இந்தச் சொவுரு கீதே, இதுக்கு அந்தாண்ட. பச்சையம்மா!

மெல்லப் பேசணுமா? இன்னாத்துக்கு? கேக்கட்டும்! கேக்கத்தான் சொல்றேன்!

இருங்க, அது இன்னாது, தோல் பையில? சின்ன டிரான்சிஸ்டரா? அத்த ஏன் இப்டித் திருப்பி அப்டித் திருப்பிப் பாக்கறீங்க? ஓ… சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு அது காட்டிக் குடுக்குமா! பலே, போலீஸு நாய் மாதிரி! அப்டின்னா மோப்பம் புடிக்க வுடுங்க. நேரா பச்சையம்மா வூட்டுக்குத்தான் இஸ்துகினு போவும், பாத்துக்கினே இருங்க.

ஜல்தியா பாருங்க நைனா. இன்னும் கொஞ்ச நேரத்துல வானிலை சொல்லுவான். அதுக்குத்தான் இவ்ளோ பேஜாரு. எனக்கு இன்னா, சினிமாப் பாட்டா கேக்கணும்? எங்க வூட்டுக்காரரு கஸ்பாரு லாஞ்சுல போறவரு. அவரும், இதோ இந்தப் பச்சையம்மா புருசன் செல்வமும் ஒரே போட்டு. நாளிக்கு விடியறதுக்கு முன்ன எறங்கணும். இப்ப கரைல ஐஸு ஏத்திகினு கீறாரு. வானத்தப் பாத்தீங்களா வர்றச்சே? எண்ணூரு பக்கம் அப்டியே கருத்துகினு வருது. "போவாதய்யா"ன்னா, "ரேடியோல சொன்னா நிக்கறேன், நீ சொன்னா நிக்கணுமா"ன்றாரு. சரி, ரேடியோவக் கேட்டுச் சொல்லலாம்னா இது கொர்ர்ர்ங்குது! "மீனவர்கள்… கொர்ர்ர்… டக்கு… கொர்ர்ர்… கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இன்னாத்தடா கேட்டுக்கொள்ளப்படுகிறாங்க? போவணும்ன்றியா, போவக் கூடாதுன்றியா? அத்த சொல்லித் தொலையேண்டா!

போன ஐப்பசில இப்டித்தான் ஆச்சு. நடுவுல எச்சரிக்க சொல்லிக்கீறான், நமக்குக் கேக்கல. போயிட்டாங்க. போட்டுல முட்டி மட்டும் தண்ணி. வலைய அறுத்து வுட்டுட்டு, வாளியால மொண்டு மொண்டு ஊத்திகினே வந்து சேந்தாங்க. கஸ்பாரு கரைல வந்து வாந்தி எடுத்தாரு நைனா. பொறந்ததுலேர்ந்து கடல்ல கீற மனுசன், வாந்தி எடுத்தாரு. நானு அன்னிக்கு அயுதது இந்த சந்துல எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதுலேர்ந்து வானம் கருத்தாலே ரேடியோவாண்ட வந்து குந்திப்பேன்.

அதெல்லாம் சொல்லி இன்னா. நீங்க டீயக் குடிங்க.

இப்பக் கேளுங்க, இந்தப் பச்சையம்மா இன்னா கெட்டிக்காரின்றத. அவ தைக்கறவ. ஸ்கூலு பசங்க யூனிபாரம், பாவாட, ஜாக்கிட்டு. காலால மிதிச்சுகினுதான் இருந்தா. ஒரு நாளு மிஷினுக்கு மோட்டாரு மாட்டிக்கினா. மாட்டிக்க, எனக்கு இன்னா வயித்தெரிச்சலா? ஆனா கேளுங்க. கஸ்பாரு வூட்ல இருந்தாருன்னா ரேடியோ அப்டியே தேனு. அவரு கடலுக்குப் போற மொத நாளு சாயங்காலம், இந்தாண்ட அவரு கரைக்குப் போவாரு, அந்தாண்ட கொர்ரு ஆரம்பிச்சுரும். விடிகாத்தாலயும் கொர்ரு. மதியம் போட்டு திரும்பி, மனுசன் வூட்டுக்கு வந்து துன்ன குந்துனாருன்னா கப்சிப்! ஞாயித்துக்கெயம நாங்க கடலுக்குப் போற பயக்கம் இல்ல, பூசைக்குப் போவோம். அதனால சனிக்கெயம சாயங்காலம் அவரு வூட்ல. அன்னிக்கு ரேடியோவக் கேக்கணுமே, கோயில்ல பாடறா மாதிரி பாடும். கஸ்பாரு என்னியப் பாத்து, "உன் காதுலதான்டி கொர்ரு"ன்னு சிரிக்கறாரு!

அப்ப இன்னா அர்த்தம்? ஆம்பள வூட்ல இல்லாத நேரமாப் பாத்து அவ மோட்டார ஓட்டறான்னு அர்த்தம். கஸ்பாரு இருந்தா பயம். நானு தனியா இருந்தா எளக்காரம்! இத்தக் கண்டுபுடிக்க இஞ்சினீரு வேணுமா, சொல்லுங்க?

கேட்டேன். தெருவுல நிக்க வச்சுக் கேட்டேன். "உன் புருசனும்தான்டி அந்த போட்டுல போறான், அவன் உசுரு மேல உனக்கு அக்கற இல்லியா"ன்னே கேட்டுட்டேன். அவ விருட்டுனு திரும்புனா. உள்ள போனா. மோட்டாரு பெல்ட்டக் கயட்டியாந்து, வாசப்படி ஆணில, நானு பாக்கறா மாதிரி மாட்டி வுட்டுட்டுப் போயிட்டா. இன்னிக்கும் அங்கதான் தொங்கிகினு கீது, நீங்க வர்றச்சே பாத்துருப்பீங்க. எவ்ளோ திமுரு பாருங்க! அப்பறமும் கொர்ரு நிக்கலியே! அப்ப உள்ள வேற ஒரு மோட்டாரு வச்சிக்கீறான்னுதான அர்த்தம்? காலாலதான் மிதிக்கறேன்னு ஊரெல்லாம் காலக் காட்டிகினு திரியறா. வீங்கித்தான் கீது, இல்லேன்னல. பாத்தா பாவமாத்தான் கீது. ஆனா நானு பேசறதில்ல. செத்தாலும் இவளாண்ட பேச மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன்.

இன்னா சாரு, இன்னும் சொவுத்துப் பக்கம் போவலியா? அந்தப் பக்கம் கம்மியா கீதா? அது எப்டி கம்மியாவும்? நல்லாத் திருப்பிப் பாருங்க. டிரான்சிஸ்டருக்கு பேட்டரி தீந்துருக்கும்… இந்தப் பக்கம் எதுக்கு வர்றீங்க? இது எங்க மாதா பீடம். செருப்பக் கயட்டிட்டீங்களா? கயட்டிட்டுத்தான் நிக்கறீங்களா, நல்ல புள்ள.

அயகா கீதுல்ல? சுத்தி செவப்பும் நீலமுமா மினுக்கு லைட்டு! எங்க தங்கச்சி வூட்டுக்காரரு அருள்நாதன் பர்மா பஜார்ல வாங்கியாந்தது. ஐப்பசிக்கு மின்ன, மய ஆரம்பிக்கறச்சே வாங்கியாந்தாரு. தானாவே அணையும், தானாவே எரியும். மாதா நம்மளப் பாத்துக் கண்ணச் சிமிட்டறா மாதிரி இல்ல? இத்த சும்மா எல்லாம் போட மாட்டேன். கரெண்டு இன்னா ஓசியா? கஸ்பாரு கடலுக்குப் போற மொத நாளு சாயங்காலம் போடுவேன். அவரு திரும்பி வந்து வாசப்படி மிதிக்கற வரிக்கும் அணைக்க மாட்டேன். அது என் நேத்திக்கடன். மத்த நாள்ல மெயுவத்திதான். சனிக்கெயம கூட…

இன்னா? இன்னாத்துக்கு அப்டிப் பாக்கறீங்க?

…டிரான்சிஸ்டர பீடத்தாண்ட எதுக்கு நீட்டறீங்க? ஐயோ, இன்னா சத்தம்! காதே கியிஞ்சிரும் போல கீதே! லைட்டையும் சேத்துப் பாக்கணுமா? பாக்கறேன், கண்ணு நல்லாத்தான் தெரியுது. கொர்ர்ர்… லைட்டு எரியுது. டக்கு… அணையுது. கொர்ர்ர்… எரியுது. டக்கு… அணை…

அட!

சும்மா இருங்க. அது ஒத்துப் போவுதுன்னா இன்னா, கோயில் மணியும் கடியாரமும் கூடத்தான் ஒத்துப் போவுது. மாதா வெளக்கு போயி ரேடியோவக் கெடுக்குமா? நைனா, கைய எடு! பிளக்குல கை வைக்காத, சொல்ட்டேன்! அவரு நாளிக்குக் கடலுக்குப் போறாரு! இந்த வெளக்கு அணைஞ்சி அவருக்கு ஒண்ணுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா? ஏத்துன வெளக்க நடுவுல அணைக்கக் கூடாது. வேணாம். கொர்ருன்னே இருக்கட்டும். எனக்கு ரேடியோவே வேணாம்!

…இன்னா சொல்றீங்க? வானிலை ஆரம்பிச்சுட்டானா? ஆமா, அவன் கொரலுதான். "வங்கக் கடலில்… கொர்ர்ர்… டக்கு…" தோ, போச்சு. மறுபடியும் போச்சு. "மீனவர்கள்… கொர்ர்ர்…"

தாயே. மாதாவே. மன்னிச்சுக்க. நீ காப்பாத்திக் குடுத்த மனுசன், நீயே பாத்துக்க.

நீங்க தொடாதீங்க சாரு. நானே புடுங்கறேன்.

…

"…பலத்த காற்று வீசும் என்பதால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்."

கேட்டுச்சா? வேண்டாம்னுட்டான்! தண்ணி மாதிரி சொல்ட்டான் நைனா, போவ வேண்டாம்னுட்டான்! ஏ பச்சையம்மா! அடியே பச்சையம்மா! செல்வம் கீறானா உள்ள? கரைக்கு ஓடச் சொல்லுடி! கஸ்பாரு ஐஸு ஏத்திகினு கீறாரு, எறக்கச் சொல்லு! புயலு சொல்லிட்டான், நாளிக்குப் போட்டு எறங்காது! இன்னாடி அப்டி மொறச்சுப் பாக்கற? நாந்தான்டி பேசறேன், சிலுவைதான் பேசறேன்! செல்வம், ஓடுப்பா! சட்ட அப்பறம் போட்டுக்கலாம், ஓடு!

அப்பாடா. பூட்டான். இன்னா ஓட்டம் ஓடறான் பாத்தீங்களா சாரு? இனிமே கஸ்பாரு சண்ட போடட்டும், திட்டட்டும். ரேடியோவே சொல்லிருச்சு, இனி நிப்பாரு. நானு நிம்மதியாத் தூங்குவேன்.

மாதாவுக்கு ஒரு மெயுவத்தி ஏத்தறேன், இருங்க. இந்தா தாயே. இதுல கொர்ரு கெடையாது. நீ கோச்சுக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஆனா ஐப்பசில… ஐப்பசிலயும் இந்த வெளக்குதான எரிஞ்சுகினு இருந்துது? நாந்தான போட்டேன். அவரு நல்லா வரணும்னுதான் போட்டேன். அவரு வாந்தி எடுத்தாரு தாயே. இத்த யாராண்ட போயி நானு சொல்றது?

சாரு… ஒரே ஒரு ஒதவி. நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா நம்புவாங்க. பச்சையம்மா கேட்டான்னா ஆர்பரு கிரேனுதான் காரணம்னு சொல்லிடுங்க. கிரேனுக்கு இன்னா, அது வந்து கேக்கவா போவுது? அவள தெருவுல நிக்க வச்சு கேட்டேனே சாரு. உன் புருசன் உசுரு மேல அக்கற இல்லியான்னு கேட்டுட்டேனே. காலு வீங்கி அவ மிதிச்சதெல்லாம் என்னாலன்னு தெரிஞ்சா, நானு இந்த சந்துல எந்த மூஞ்சிய வச்சிக்கினு நடக்கறது? ஒரு வார்த்த சொல்லிடுங்க. சொல்லுவீங்கல்ல? நானு உங்களுக்குச் சொறாப் புட்டு செஞ்சி…

சாரு?

நைனா?

எங்க பூட்டாரு? டீ அப்டியே கீது. டிரான்சிஸ்டரக் காணோம். செருப்பக் காணோம். அங்க… பச்சையம்மா வாசல்ல நிக்கறாரே! சாரு! சாரு, கிரேனு! கிரேன்னு சொல்… ஐயோ, என் வூட்டு பக்கம் கையக் காட்றாரே. பச்சையம்மா வாயப் பொத்திக்கறா. சிரிக்கறாளா, அயுவறாளா, ஒண்ணும் புரியலியே. ஆணில கீற பெல்ட்ட எடுக்கறா. உள்ள போறா.

…

கொர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

அட, ரேடியோல வர்ற மோட்டாரு கொர்ரு இதுதானா! இதுல டக்கே இல்லியே. நிக்காம ஓடுதே. இத்தப் போயி அதுன்னு நெனச்சேனே, நானு ஒரு கூறுகெட்டவ.

ஓட்டு பச்சையம்மா. தோ, நானே ரேடியோவ நிறுத்திட்டேன். நல்லா ஓட்டு.