ஏழாம் நம்பர் புட்டி

பிப்பெட்டைக் கழுவாமல் அடுத்த கரைசலில் விடுபவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கரைசல்களைத் தயாரித்து, மேசைக்கு ஒரு புட்டியாக வைப்பது என் வேலை. நீங்கள் விசாரிக்க வந்ததும் அதைத்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

அவளைப் பிள்ளைகள் ‘சித்தி’ என்று கேலி செய்வார்கள். கூடப் படித்தவர்களைவிடப் பதினைந்து வயது மூத்தவள், விவாகரத்துக்குப் பிறகு படிக்க வந்தவள். ஆறு வயது மகள் புருஷன் வீட்டில் இருந்தாள். இவள் தேறினால் குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை தயார். ஒன்றரை வருடத்துக்குள் வேலையில் சேர்ந்தால் பிள்ளையைத் தருவதாக நீதிமன்றம் சொல்லியிருந்தது.

முதல் நாள் ஏழாம் மேசையில் நின்று திருதிருவென்று விழித்தாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மயில்துத்தக் கரைசலில் பத்து மில்லி எடு, தண்ணீர் விட்டு நூறாக்கு. செறிவு பத்தில் ஒன்று. அதிலிருந்து மறுபடி பத்து, மறுபடி நூறு. மூன்றாவது குடுவையில் ஆயிரத்தில் ஒன்று. தினமும் சாயங்காலம் என்னோடு நின்று பழகினாள். போகும்போது, “சாப்டீங்களாக்கா?” என்பாள். என்னை யாரும் அப்படிக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. என் வீட்டில் ரேடியோவை அணைத்தால் ஃப்ரிட்ஜ் உறுமுவது மட்டும்தான் கேட்கும்.

இரண்டே மாதத்தில் கணக்கும் வந்துவிட்டது, கையும் வந்துவிட்டது.

“பரீட்சை முடிஞ்சதும் உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்க்கா,” என்றாள்.

தொந்தரவாம். எனக்குச் சுருக்கென்றது.

பரீட்சையன்று ஏழாம் நம்பர் புட்டியில் எண்பது மில்லி கரைசலும் இருபது மில்லி தண்ணீரும் ஊற்றினேன். அவ்வளவுதான். நீர்க்க நீர்க்கக் கரைசல்தான் மெலியும், தவறு மெலியாது. முதல் குடுவையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மூன்றாவதிலும் அதே ஐந்தில் ஒரு பங்கு குறையும். தேர்வாளர் நிறமானியில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவள் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆகவே பழி அவள் கைமேல் விழுந்தது.

“உனக்குக் கை நடுங்குதுடி,” என்றேன்.

நம்பினாள். அதன்பிறகு உண்மையாகவே நடுங்க ஆரம்பித்தது.

இப்படி மூன்று பரீட்சைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறு மாதச் சாயங்காலங்கள். கெடு முடிந்தது, வேலை வேறொருவருக்குப் போனது, பிள்ளையைத் தகப்பன் வேறு ஊருக்குக் கூட்டிப்போனான். அந்தச் செய்தி வந்த அன்று அவள் மேசைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குமுன் யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்போது என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் சமைக்கிறாள். மகளைப் பற்றிப் பேசுவதில்லை. தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாள், நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது தேர்வாளர் சந்தேகப்பட்டுப் புட்டியின் மிச்சத்தை எடுத்து வைப்பார் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் அளந்தது சரி. மூன்று முறையும் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?