காலருக்குள் கறுப்புத் துணி

உங்கள் சட்டையின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது சார். வெட்டியவர் அவசரத்தில் இருந்திருக்கிறார், குறை உங்கள் தோளில் இல்லை. கழற்றிக் கொடுத்தால் பேசி முடிப்பதற்குள் சரிசெய்துவிடுவேன். ஆனால் இந்த அறையில் என் கையில் ஊசி தரமாட்டீர்கள்.

என்னைக் கூப்பிட்டது சாட்சி சொல்ல. முனைக்கடையைக் கொளுத்திய வழக்கில் பிடிபட்ட பையன்கள் அத்தனை பேரின் காலருக்குள்ளும் ஒரு கறுப்புத் துணித் துண்டு, எல்லாவற்றிலும் ஒரே கைத்தையல். தைத்தவரைத் தேடி என் வீட்டுக்கு வந்தீர்கள். நான்தான் என்றேன். அதிலிருந்து, இவர்களை ஆட்டிவைத்த அந்த 'அண்ணன்' யார், அவன் என்ன வயது, அவன் எங்கே இருப்பான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவன், அவன் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படி என் கதவை உரசிக்கொண்டுதான் ஏறும். தையல் மிஷினை வாசல் ஜன்னலோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்று சொல்வேன். உண்மையில் வெளிச்சம் சமையலறையில்தான் அதிகம். யார் என்ன கோபத்தில் படியேறுகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தமே சொல்லிவிடும். கீழ்வீட்டுக்காரரின் வேலை போனது அவர் மனைவிக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும். அளவெடுக்க வருகிறவர்கள் எதையாவது கொட்டிவிட்டுத்தான் போவார்கள். இரண்டு கையையும் விரித்து நிற்கும் மனுஷருக்கு வாயை மூடிவைக்க வராது.

எனக்குப் பிடிபடாமல் இருந்தவர்கள் இந்த வாலிபப் பையன்கள் மட்டும்தான். போனைப் பார்த்தபடி ஏறுவான்கள், போனைப் பார்த்தபடி இறங்குவான்கள். எதிர்வீட்டுப் பையனும் அப்படித்தான், உயரத்தைப் பார்த்து நெட்டை என்பார்கள். அக்கா வீட்டில் தங்கியிருந்தான். படித்து முடித்தாயிற்று, சரக்குக் கிடங்கில் கிடைத்த வேலையும் போயாயிற்று. அக்கா புருஷன் நக்கல் பேர்வழி. "மாப்ள, நீ பேசாம ஹால் நடுவுல நில்லு. தூணுக்குத் தூணும் ஆச்சு, துணி காயப்போடவும் ஆச்சு" என்பார். சுவர் மெல்லிசு.

ஒருநாள் அவன் அக்கா வந்து என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டேங்குறான்கா. தட்டைக் கதவுக்கு வெளியவே வெச்சுடுங்குறான். நீங்களாவது ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்களேன்."

"என்கிட்ட எங்கம்மா பேசப்போறான்? பேன்ட் மடிப்பை இறக்க வந்தப்பகூட சுவத்தைப் பார்த்துக்கிட்டுல்ல நின்னான்."

ஆனால் அவள் சொன்னதைத் தட்டவில்லை. பேசினேன். பெண்பிள்ளையாகப் பேசினால் காதில் விழாதே என்று போனில் புதுக்கணக்கு ஒன்று ஆரம்பித்து 'அண்ணன்' என்று பெயர் வைத்தேன். முகப்புப் படத்துக்குச் சட்டைத்துணி விளம்பரத்திலிருந்து ஓர் ஆணின் முதுகு. நல்ல தையல், தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. முதல் செய்தி, "சாப்பிட்டியா தம்பி?"

யார் என்றுகூட அவன் கேட்கவில்லை சார். பக்கம் பக்கமாக எழுதிவிட்டான். பிறகு தன்னைப் போல இன்னொருவனைக் கூட்டி வந்தான், அவன் வேறொருவனை. ஒரு குழுவே சேர்ந்துவிட்டது. எந்த வீட்டில் என்ன சண்டை, எந்த அப்பா யாரோடு பேசுவதில்லை, எல்லாம் தானாக வந்து விழுந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து இத்தனை காலம் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய சட்டைக் காலரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வியர்வையும் எண்ணெயும் தோலும் சேர்ந்து உள்ளே ஒரு பழுப்புக் கோடு படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். குழுவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாடை வந்தது. எந்தப் பெண்ணும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, எந்த முதலாளியும் மதிப்பதில்லை, அம்மாவுக்குத் தம்பிமேல்தான் பாசம் என்று ஓயாத புலம்பல். மீசை முளைத்த ஆட்கள், பால்குடிக் குழந்தைகள் மாதிரி. 'பலே' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் அன்றைக்கு முழுக்க வாலாட்டுவான்கள்.

வேலை தேடு என்று அண்ணன் சொன்னபோது ஒருவனும் அசையவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நட, படம் பிடித்து அனுப்பு என்றபோது வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேலை கிடைக்காவிட்டால் அவமானம். சுவரிலிருந்து விழுந்தால் வீரம். விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறீர்கள். யாரும் விழவில்லையே.

கொள்கை, கோட்பாடு என்று உங்கள் காகிதத்தில் ஏதேதோ எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டபடி எழுதினேன். 'வெளியிலிருந்து வந்தவர்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்', அவ்வளவுதான் கொள்கை. எந்த இடம் என்று ஒருவனும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கொள்கையே இல்லை சார். நேரத்துக்கு வராவிட்டால் 'எங்கேடா போனே' என்று அதட்ட ஓர் ஆள். அது வீட்டில் கிடைக்காதவன் எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான். அதை அதிகாரத்தோடு கேட்கிறவர் பிறகு எதைச் சொன்னாலும் இவன் செய்வான்.

கறுப்புத் துணி என் ஆசை. எழுத்தாகவே பார்த்த முகங்களை நேரில் பார்க்கத் தோன்றியது. காலருக்குள் தைத்துக்கொள்ள வேண்டும், மிஷின் தையல் கூடாது, கைத்தையல்தான் என்று அண்ணன் கட்டளை போட்டான். சுற்றுவட்டாரத்தில் கைத்தையல் போடுவது நான் ஒருத்திதான். சொல்லிவைத்தாற்போல் வந்தார்கள்.

"அக்கா, இதை உள்ள வெச்சுத் தைக்கணும். வெளிய தெரியக் கூடாது."

"என்னடா இது, எலி கடிச்ச மாதிரி ஒரு துண்டு?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுக்கா."

"எனக்கு எங்க புரியப்போகுது. சரி, கழுத்தை நீட்டு."

நீட்டினார்கள். அந்தத் தையலால்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். எட்டிப் பார்க்கும் புத்தி என்னோடு பிறந்தது, வேறென்ன சொல்ல.

இனி முனைக்கடை. கடைக்காரர் போன் ரிப்பேர் செய்பவர், வேறெங்கிருந்தோ வந்தவர், பேச்சில் ஓர் இழுப்பு உண்டு. தெருவில் எல்லோரும் போன்காரர் என்பார்கள். நம் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் இவன்தான் என்று அண்ணன் சுட்டிக் காட்டினான். கடையைக் கொளுத்தச் சொன்னான். கடையைத்தான், ஆளை இல்லை. நெட்டை மட்டும் கேட்டான்: "அண்ணா, உள்ள ஆள் இருந்தா?"

"பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவான் தம்பி. நான் விசாரிச்சுட்டேன்."

விடிகிற நேரத்தில் நெட்டை படியேறி வந்தான். காலடியில் வித்தியாசம் இருந்தது. அக்கா வீட்டுக் கதவைத் தட்டவில்லை, என் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். கதவைத் திறந்தேன். மேலெல்லாம் புகை நாற்றம்.

"உள்ள ஆள் இருந்தாருக்கா. ஷட்டரைத் தட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் தட்டல."

தண்ணீர் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை, போனை எடுத்து எதையோ எழுதினான். உள்ளே மிஷின் மேசையில் என் போன் அதிர்ந்தது. 'இருப்பா வரேன்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். "அண்ணா, ஆள் இல்லைன்னு சொன்னீங்களே." ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். பாவமாகத்தான் இருந்தது. "தைரியமா இரு தம்பி. சாப்பிட்டியா?" என்று பதில் போட்டேன். வெளியே அவன் விசும்புவது கேட்டது. பதில் வந்ததில் ஆறுதல்பட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னமும் அவன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை, எல்லாம் தானே யோசித்துச் செய்ததாகச் சொல்கிறான் என்கிறீர்கள். ஆயுள் முழுக்க உள்ளே இருந்தாலும் அப்படித்தான் சொல்வான். ஒரு விளம்பர முதுகுக்காக. அவன் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், "நீங்க நல்ல வார்த்தை சொல்லுங்கக்கா" என்று. அதனால்தான் சொல்கிறேன். அதோடு, இவ்வளவையும் இல்லாத ஓர் ஆண்பிள்ளையின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. அண்ணன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

போன்காரர்மேல் எனக்கு என்ன பகை என்கிறீர்கள். பகையே இல்லை. தங்கமான மனுஷர். என் போன் கீழே விழுந்து திரை உடைந்தபோது அவர்தான் மாற்றிக் கொடுத்தார். சரியாக வேலை செய்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் 'அண்ணா, அண்ணா' என்று செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. நின்று படித்தார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. போனைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"இந்த விளையாட்டு வேண்டாம்கா. பசங்க பாவம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அழுகின காயை ஓரமாக ஒதுக்கிவைப்பது போல ஒரு பார்வை பார்த்தார். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. பிறகு, எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தையல் வேலை ஒன்று கொடுத்தார். கடைக்குள் மேலே பலகை அடித்துத் தூங்குவாராம், அந்த மெத்தைக்கு உறை வேண்டும். ஏணியில் ஏறி நானே அளவெடுத்தேன். தலைமாட்டில் அவர் பிள்ளையின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. உறை இழுக்காமல் தொங்காமல் கச்சிதமாக உட்கார்ந்தது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை சார். அந்த வார்த்தையைச் சொல்லித்தானே இத்தனை காலம் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்றபடி எனக்கு வம்பே பிடிக்காது.